“அட்மின் யாரு டீச்சர்?”
பள்ளிக் கணினியில் பூட்டிக் கிடக்கும் விளையாட்டுகள்

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். சிவகங்கைப் பக்கம் ஓர் உதவிபெறும் பள்ளியின் கணினி அறை. வாசலில் செருப்புக் குவியல். உள்ளே பன்னிரண்டு கணினிகள், முப்பத்தெட்டுப் பிள்ளைகள். ஒரு நாற்காலியில் இரண்டு பேர், பின்னால் நின்று எட்டிப் பார்ப்பவர்கள் தனி.

ஆறாம் வகுப்பு, மூன்றாம் பருவம், பின்னங்கள். கணக்கு டீச்சர் முந்தின நாள் இரவு சமையலை முடித்துவிட்டுத் தன் செல்போனில் தேடி ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். திரையில் ஒரு பீட்சா. ‘நான்கில் மூன்று’ என்று கேட்டால் சரியாக வெட்டித் தட்டில் வைக்க வேண்டும். தப்பாக வெட்டினால் சாப்பிட வந்த பூனை முறைக்கும். பூனைக்காகவே பிள்ளைகள் நாலு கணக்கு கூடுதலாகப் போடுவார்கள் என்பது டீச்சரின் கணக்கு.

கரும்பலகையில் எழுதிப் போட்ட முகவரியை ஒவ்வோர் எழுத்தாகத் தேடித்தேடித் தட்டினார்கள். என்டர். பன்னிரண்டு திரையிலும் ஒரே படம்: சிவப்புக் கேடயம், கீழே நாலு வரி ஆங்கிலம். முன்வரிசைப் பெண் எழுத்துக்கூட்டி வாசித்தாள். “ஆக்சஸ் டினைடு. கேட்டகரி, கேம்ஸ். ப்ளீஸ் கான்டாக்ட் யுவர் அட்மினிஸ்ட்ரேட்டர்.” நிமிர்ந்து கேட்டாள். “அட்மின் யாரு டீச்சர்?”

டீச்சருக்குத் தெரியவில்லை. தலைமை ஆசிரியரா? தளங்களைத் தடுக்கும் பெட்டி எங்கே இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. கணினி போட்டுக்கொடுத்த கம்பெனியிலிருந்து ஓர் ஆள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார், பிரிண்டருக்கு மை ஊற்றுவார், போய்விடுவார். ஒருவேளை அவரோ?

பின்னாலிருந்து ஒரு குரல். “டீச்சர், அதுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் இருக்கு. எங்க அண்ணன் போட்டுக் காட்டிருக்கான். நான் போடட்டுமா? ரெண்டே நிமிஷம்.”

“வேணாம்ப்பா” என்று சொல்ல டீச்சருக்கு ஐந்து விநாடி ஆனது. உண்மையைச் சொன்னால், “சரி, போடு” என்பது தொண்டை வரை வந்துவிட்டதாம்.

ஆபீசுக்குத் தைத்த சட்டை

தமிழ்நாட்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்துவிட்டது. தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள் என்று அரசு அறிவித்தது. உதவிபெறும் பள்ளிகளும் தனியார் பள்ளிகளும் தங்கள் சக்திக்கு ஏற்ப லேப் வைத்திருக்கின்றன. இணைய இணைப்பு வந்த இடத்தில் வடிகட்டியும் வர வேண்டும். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. பத்து வயதுப் பிள்ளை தேடுபொறியில் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்தால் எங்கே போய் நிற்கும் என்பது கணினி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

சிக்கல் வேறு. இந்த வடிகட்டிகள் முதலில் பள்ளிக்கூடத்தை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. ஆபீசில் வேலை நேரத்தில் ஊழியர் சீட்டாடக் கூடாது, கிரிக்கெட் பார்க்கக் கூடாது என்பதற்காக நிறுவனங்கள் வாங்கிய பெட்டி இது. சில கருவிகளில் இணையதளங்களை ‘வேலைக்கு உதவுபவை’, ‘வேலையைக் கெடுப்பவை’ என்றே தரம் பிரித்து வைத்திருப்பார்கள். விளையாட்டு எந்தப் பக்கம் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதே பெட்டியை, அதே அமைப்போடு, பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து மாட்டினால் பூனையும் பீட்சாவும் சீட்டாட்டத்தோடு ஒரே அறையில் அடைபடும். பள்ளியில் விளையாட்டுதான் சில நேரம் வேலையே என்பதை அந்தப் பெட்டிக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இத்தனைக்கும் வகுப்பறையில் கணினி விளையாட்டு என்பது வடிகட்டியைவிட மூத்தது. 1971-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் டான் ராவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியர், வரலாற்றுப் பாடத்துக்காக இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ‘ஓரிகன் டிரெயில்’ என்ற விளையாட்டை உருவாக்கினார். திரைகூடக் கிடையாது. டெலிபிரிண்டர் மாதிரி ஒரு இயந்திரம், காகிதத்தில் கேள்வி அடித்துத் துப்பும், பிள்ளைகள் பதில் அடிப்பார்கள். மேற்கு நோக்கி மாட்டுவண்டி கட்டிப் போனவர்களின் பாடு அந்தக் காகிதச் சுருளில் புரிந்தது.

▪ வடிகட்டி எதைப் பார்க்கிறது? ▪
பெரும்பாலும் அது பக்கத்தைப் படிப்பதில்லை, முகவரியைத்தான் பார்க்கிறது. உலகத்திலுள்ள தளங்களை வகை பிரித்த ஒரு பட்டியலை நிறுவனம் வைத்திருக்கும். ‘கேம்ஸ்’ வகைக்குத் தடை என்று ஒரு டிக் அடித்தால் அத்தனையும் மூடும். சொல்லை வைத்துத் தடுப்பது பழைய முறை. 1996-ல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் ஊர்க்காரர்கள் ஏ.ஓ.எல். நிறுவனத்தில் கணக்குத் தொடங்க முடியாமல் தவித்தார்கள். ஊர்ப் பெயருக்கு நடுவில் ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருந்ததுதான் காரணம். இப்போதைய கருவிகளில் ஒரு தளத்துக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம். மாணவருக்கு ஒரு விதி, ஆசிரியருக்கு ஒரு விதி வைக்கலாம். ‘மாலை 3 முதல் 4 வரை மட்டும்’ என்று நேரமும் குறிக்கலாம். இதெல்லாம் சில நிமிட வேலை. செய்ய ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

‘கேம்’ என்றாலே பதறுகிறோம்

நம் ஊரில் ‘ஆன்லைன் கேம்’ என்ற சொல்லுக்கு ஒரு ரத்தக்கறை உண்டு. ரம்மியில் பணத்தை விட்டுக் கடனாளியாகி உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்தி நாளிதழில் வராத மாதமில்லை என்று ஒரு காலம் இருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் 2022-ல் குழு, அதே ஆண்டு அவசரச் சட்டம், ஆளுநர் மாளிகையோடு இழுபறி, 2023 ஏப்ரலில் சட்டம், அந்த நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்த ஆட்டங்கள் என்று உயர் நீதிமன்றத் தீர்ப்பு என அந்தக் கதை நீண்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்து சட்டம் இயற்றியது.

இந்தப் பின்னணியில் ஒரு தலைமை ஆசிரியர், “கேம்ஸ் எதுவும் வேண்டாம், மூடிடுங்க” என்று சொன்னால் அவரைக் குறை சொல்ல முடியாது. நாளைக்கு ஒரு பெற்றோர் வந்து “எங்க பையன் பள்ளிக்கூடத்துலதான் கேம் பழகினான்” என்றால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆனால் சட்டமே வித்தியாசம் பார்க்கிறது என்பதை அவருக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். தடை, பணம் கட்டி ஆடுவதற்கு. பின்னம் கற்றுத்தரும் பூனைக்கு அல்ல.

பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தூண்டுவதாகச் சொல்லப்பட்ட ‘புளூவேல்’ இணைய விளையாட்டின் பீதி பரவிய 2017 ஆகஸ்டில் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஃபயர்வால், வடிகட்டி, கண்காணிப்பு எல்லாம் வைக்கச் சொன்ன அந்தச் சுற்றறிக்கையே, வயதுக்கு ஏற்ற தளங்களை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து அவற்றைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடும்படியும் சொன்னது. முதல் பாதியைக் கம்பெனிக்காரர் செய்து கொடுத்துவிட்டார். தேர்ந்தெடுப்பது ஆசிரியர் வேலை. அதற்கு நேரம் எங்கே? பள்ளி விவரங்களை ஏற்றும் ‘எமிஸ்’ தளத்தில் பதிவேற்றமே முடியவில்லை என்று புலம்பாத ஆசிரியரை நான் இன்னும் பார்க்கவில்லை.

சுவரேறிக் குதித்தால்

அந்தப் பையன் சொன்ன எக்ஸ்டென்ஷனுக்கு வருவோம். வடிகட்டிக்குத் தெரியாமல் வேறொரு வழியாகத் தளத்தைக் கொண்டுவந்து காட்டும் இலவச வி.பி.என். வகை அது. அண்ணன்மாரிடமிருந்து தம்பிகளுக்குப் பரம்பரைச் சொத்து மாதிரி இறங்குகிறது. சாவி கிடைத்த பெருமை பிள்ளைக்கு. அந்தச் சாவியைச் செய்து கொடுத்தவன் ஒரு நகலை வைத்துக்கொண்டிருக்கிறான் என்பது தெரியாது.

உவமை வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன். இஸ்ரேலைச் சேர்ந்த ‘ஹோலா’ என்ற இலவச வி.பி.என்.னைக் கோடிக்கணக்கானோர் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். 2015-ல் ஒரு விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. அதைப் போட்டுக்கொண்டவர்களின் இணைய இணைப்பை, அதே நிறுவனம் ‘லுமினாட்டி’ என்ற பெயரில் பணத்துக்கு விற்றுக்கொண்டிருந்தது. யாரோ ஒருவன் எங்கோ உட்கார்ந்து ஒரு தளத்தைத் தாக்குகிறான்; தாக்குதல் போவது உங்கள் வீட்டு இணைப்பிலிருந்து. ‘இலவசம்’ என்று நினைத்தவர்களே விற்பனைப் பொருளாகக் கிடந்தார்கள்.

பள்ளியில் இது இன்னும் ஒரு படி மோசம். கணினி பொது. காலையில் ஆறாம் வகுப்புப் பிள்ளை உட்கார்ந்த அதே நாற்காலியில் மாலையில் ஆசிரியர் உட்கார்ந்து பள்ளிக் கணக்கில் நுழைகிறார். உலாவியில் ஒட்டிக்கொண்ட ஒரு எக்ஸ்டென்ஷன், அனுமதி கொடுத்திருந்தால், திறக்கும் பக்கம் ஒவ்வொன்றையும் வாசிக்க முடியும். பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, பெற்றோரின் செல்போன் எண் என எல்லாம் அந்தப் பக்கங்களில்தான் இருக்கின்றன. பூனை பீட்சா தின்பதைப் பார்க்க ஆசைப்பட்டு முழுப் பள்ளிக்கூடத்தின் வருகைப் பதிவேட்டையும் திண்ணையில் வைத்துவிட்டுப் போன கதையாகும்.

குதிக்கிற பழக்கம் எங்கே கொண்டுபோகும் என்பதற்கு பிரிட்டனில் ஒரு கணக்கு இருக்கிறது. அங்குள்ள தகவல் ஆணையர் அலுவலகம், கல்வி நிறுவனங்களுக்குள்ளேயே இருப்பவர்களால் ஏற்பட்ட 215 தரவுக் கசிவுகளை ஆராய்ந்து 2025 செப்டம்பரில் முடிவை வெளியிட்டது. அவற்றில் 57 சதவீதம் மாணவர்களின் வேலை. பிறர் பாஸ்வேர்டைத் திருடி நுழைந்தவை 30 சதவீதம். அந்தத் திருட்டில் 97 சதவீதம் மாணவர்கள் செய்தது. பெரிய ஹேக்கர் வித்தையெல்லாம் இல்லை. ஆசிரியர் துண்டுச்சீட்டில் எழுதி வைத்திருந்த பாஸ்வேர்டைப் பார்ப்பது, எளிதாக ஊகிக்கக்கூடியதை ஊகிப்பது போன்றவைதான் பெரும்பாலும். ஏன் செய்தாய் என்றால் சவால், வேடிக்கை, பழிவாங்கல், நண்பர்கள் முன் கெத்து.

நம் ஊர் லேப்களில் மானிட்டரின் அடிப்பாகத்தில் மஞ்சள் சீட்டில் பாஸ்வேர்டு ஒட்டி வைப்பது சகஜம். போய்ப் பாருங்கள்.

அமெரிக்காவில் பூட்டு முற்றியது

பள்ளி வடிகட்டிக்குச் சட்டம் போட்ட முன்னோடி அமெரிக்கா. 2000 டிசம்பரில் ‘சிப்பா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் சட்டம் வந்தது. அரசின் ‘இ-ரேட்’ திட்டத்தில் பள்ளிகளுக்கு இணையக் கட்டணத்தில் 20 முதல் 90 சதவீதம் வரை தள்ளுபடி. அந்தத் தள்ளுபடி வேண்டுமானால் ஆபாசப் படங்களையும் சிறாருக்குத் தீங்கான படங்களையும் தடுத்தாக வேண்டும். சட்டம் கேட்டது அவ்வளவுதான். விளையாட்டைத் தடு என்று அதில் ஒரு வரி இல்லை. 2008-ல் ஒரு திருத்தம்: வெறுமனே தடுத்தால் போதாது, இணையத்தில் எப்படி நடந்துகொள்வது என்று பிள்ளைகளுக்குச் சொல்லியும் தர வேண்டும்.

ஆனால் பள்ளிகள் பூட்டுவதை நிறுத்தவில்லை. ‘தி மார்க்கப்’ என்ற புலனாய்வு இதழ் பல மாநிலப் பள்ளிகளின் தடைப் பதிவுகளைக் கேட்டு வாங்கி 2024-ல் வெளியிட்டது. வீட்டுப்பாடத்துக்குத் தேவையான தளங்கள் மூடிக் கிடந்தன. தற்கொலை எண்ணத்தோடு போராடும் பிள்ளைகளுக்கு உதவும் தளம்கூட மூடிக் கிடந்தது. விளையாட்டு போனால் போகட்டும். உதவி கேட்கிற கதவை மூடியது யார் என்று கேட்டால் யாரிடமும் பதிலில்லை, எல்லாம் பெட்டி செய்தது.

பூட்டு முற்றினால் இன்னொன்றும் நடக்கிறது. ‘தடையில்லா விளையாட்டுகள்’ என்ற பெயரில் அங்கே நகல் தளங்கள் ஈசல் மாதிரி கிளம்பின. ஒன்றை மூடினால் நாளைக்கு வேறு முகவரியில் திறக்கும். அந்தத் தளங்களில் கணக்கும் இல்லை, அறிவியலும் இல்லை. விளம்பரம் நிறைய இருக்கிறது. ஒழுங்கான தளத்தை மூடியதன் பலன், பிள்ளைகளைக் குப்பைமேட்டுக்கு வழி அனுப்பியது.

இனாம் விளையாட்டின் விலை

அதற்காக ‘கல்வி’ என்று பெயர்ப்பலகை மாட்டிய எல்லாவற்றையும் திறந்துவிடச் சொல்லவில்லை. கனடாவின் ‘ப்ராடிஜி’ என்ற கணக்கு விளையாட்டு பள்ளிகளுக்கு இலவசம். பிள்ளை வீட்டுக்கு வந்து அதே விளையாட்டைத் திறந்தால், பணம் கட்டி உறுப்பினராகச் சொல்லி அழைப்பு வருகிறது; கட்டிய பிள்ளைக்கு அழகான செல்லப்பிராணி, கட்டாத பிள்ளைக்கு இல்லை. இது நியாயமில்லை என்று அமெரிக்காவின் குழந்தைநல அமைப்பு ஒன்று 2021-ல் அந்நாட்டு வணிக ஆணையத்திடம் புகார் கொடுத்தது. வகுப்பறைக்குள்ளேயே ஏழை, பணக்காரப் பிள்ளை என்று விளையாட்டு பிரித்துக்காட்டினால் அப்புறம் சீருடை எதற்கு?

நம் நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. 18 வயது நிறையாத எல்லோரும் அதன் கண்ணில் குழந்தைகள்தான். அவர்களின் தகவலை எடுக்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது. விதிகள் முழுமையாக நடைமுறைக்கு வர, வெளியான நாளிலிருந்து ஒன்றரை ஆண்டு அவகாசம். அதுவரை ஆசிரியர்தான் காவல். எந்த விளையாட்டு பெயர் கேட்கிறது, எது செல்போன் எண் கேட்கிறது, எதில் முன்பின் தெரியாதவரோடு சாட் செய்ய முடிகிறது என்று ஒருமுறை முழுதாக ஆடிப் பார்க்காமல் பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது.

▪ நெட்டே வேண்டாத விளையாட்டுகள் ▪
ஜி-காம்ப்ரி: 2000-ல் பிரான்சில் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். ‘எனக்குப் புரிஞ்சிடுச்சு’ என்ற பிரெஞ்சுத் தொடரின் ஒலியில் வைத்த பெயர். 2 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு நூற்றுக்கு மேற்பட்ட விளையாட்டுகள். ஒருமுறை நிறுவினால் போதும், விளம்பரம் இல்லை.
ஃபெட்: இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன் 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. மின்சுற்று, விசை, பின்னம் என்று தொட்டு ஆடிப் பார்க்கும் பாடங்கள். ஒவ்வொன்றையும் ஒரே கோப்பாக இறக்கிப் பென் டிரைவில் கொண்டுபோகலாம். தமிழில் மொழிபெயர்த்தவையும் உண்டு.
கோலிப்ரி: ஒரு கணினியில் பாடங்களை ஏற்றி வைத்தால், லேப்பிலுள்ள மற்றக் கணினிகள் இணையம் இல்லாமலே அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்.
பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளம் 2001-ல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டத்தைத் தொடங்கி, பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. அங்கே தொடக்கப் பள்ளிக் கணினிப் பாடநூலுக்குப் பெயரே ‘களிப்பெட்டி’. மலையாளத்தில் களி என்றால் விளையாட்டு.

நீல அட்டை நோட்டு

அந்த டீச்சரை மறுபடி மார்ச்சில் பார்த்தேன். லேப் மேசையில் நீல அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்று நூலில் கட்டித் தொங்கியது. பக்கத்துக்கு நாலு பத்தி, ஸ்கேல் வைத்துக் கோடு: தளத்தின் பெயர், எந்தப் பாடம், எதுக்கு வேணும், யார் கேட்டது. திறக்காத தளம் எதுவானாலும் பிள்ளை அதில் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை டீச்சர் நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோய், ஒவ்வொன்றாக ஆடிப் பார்த்து, சரியென்றால் சிவப்பு மையில் டிக். கம்பெனிக்காரரின் வாட்ஸப்புக்குப் பட்டியல் போகிறது. ஆம், கடைசியில் அட்மின் அவர்தான். பிரிண்டருக்கு மை ஊற்றியவரேதான்.

“முதல்ல ஒரு வாரம் இழுத்தாரு. தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்டு அனுப்பினதுக்கப்புறம் மறுநாளே செஞ்சுட்டாரு” என்றார் டீச்சர். அதிலும் ஒரு கூத்து. தளம் திறந்தது, ஆனால் விளையாட்டு வர வேண்டிய இடம் வெள்ளையாகவே நின்றது. படங்களும் ஒலியும் வேறொரு முகவரியிலிருந்து வருகின்றன; அதற்கும் விலக்குக் கொடுக்க வேண்டும். அந்த வரியை நோட்டில் எழுதியிருந்த கையெழுத்து, எக்ஸ்டென்ஷன் போடட்டுமா என்று கேட்ட பையனுடையது: ‘தெறக்குது டீச்சர் ஆனா வெள்ளையா நிக்குது. கீழே வேற பேரு லோடு ஆகுது, அதையும் கேக்கணும்.’ உடைக்கப் போனவனுக்குத்தான் பூட்டின் அமைப்பு நன்றாகத் தெரிகிறது. அவனை லேப் உதவியாளன் ஆக்கியிருக்கிறார்கள்.

நோட்டைப் புரட்டினேன். சிவப்பு டிக்குகளுக்கு நடுவே சில பெருக்கல் குறிகள். ஒரு கார்ப் பந்தயத் தளத்துக்கு எதிரே, ‘எந்தப் பாடம்’ என்ற பத்தியில் ஒருவன் ‘வேகம்’ என்று எழுதியிருந்தான். பக்கத்தில் டீச்சர்: ‘முயற்சி நன்று. வீட்டில் அப்பாவைக் கேள்.’

பீட்சாப் பூனை என்ன ஆயிற்று என்று கேட்டேன். நடுநடுவே விளம்பரம் வருகிறது என்று டீச்சரே அதற்குப் பெருக்கல் போட்டுவிட்டார். அதற்குப் பதில் ஃபெட் தளத்தின் பின்ன விளையாட்டைப் பென் டிரைவில் கொண்டுவந்து பன்னிரண்டு கணினியிலும் போட்டிருக்கிறார். பூனை இல்லாத வருத்தம் பிள்ளைகளுக்கு இன்னும் இருக்கிறது.

▪ லேப்பில் உட்காரும் தம்பி, தங்கைகளுக்கு ▪
தடை வந்தால் அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு ஆசிரியரைக் கூப்பிடு. அதில் உன் தப்பு எதுவும் இல்லை. விளையாட்டில் உன் முழுப்பெயர், பள்ளிப் பெயர், படம் வேண்டாம். ‘மயில் 7’ என்று ஏதாவது புனைபெயர் போதும். அடுத்தவர் கணக்கில் நுழையாதே, அவர் மறந்து திறந்து வைத்திருந்தாலும். எழுந்து போகும்போது உன் கணக்கை மூடிவிட்டுப் போ. நாற்பது பேருக்கு ஒரே இணைப்பு. நீ பெரிய கோப்பை இறக்கினால் பக்கத்தில் இருப்பவனுக்குப் பாடம் நிற்கும்.

பிள்ளைகளிடம் பொறுப்பாக இரு என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. ஆனால் தடுக்கிற பெட்டிக்குப் பின்னால் பேசுகிற ஆள் ஒருவர் இல்லாத பள்ளியில் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. கேட்டால் கிடைக்காது என்று தெரிந்த பிள்ளை கேட்காது, அண்ணனிடம் போகும்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகிற பெற்றோர்களே, இந்த மாதம் குடிநீரும் கழிப்பறையும் பேசி முடித்த பிறகு இன்னொன்றையும் கேளுங்கள்: நம்ம பள்ளிக்கூடத்து நெட்டுக்கு அட்மின் யாரு? ஒரு பெயரும் ஒரு போன் நம்பரும் பதிலாக வர வேண்டும். வந்தால், அதை லேப் சுவரில் தமிழில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.